பிஜ்லியின் முதுகில் ஒரு வெள்ளை

எனக்கு வயது இருபத்தெட்டு. போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். பிரிவு விழாவில் எனக்குப் போட்ட மாலையில் பாதியை ராஜா தின்றுவிட்டது. ராஜா ஒரு குதிரை. ஏழு வருடம் வைக்கோல் தூசியையும் தோல் தூசியையும் இழுத்து இழுத்து நெஞ்சில் வீசிங் வந்துவிட்டது. "வேலையா, மூச்சா? ஏதாவது ஒன்னு சொல்லும்மா" என்றார் டாக்டர். மூச்சைச் சொன்னேன்.

என் இடத்துக்கு வந்திருக்கும் பவித்ரா கெட்டிக்காரி. வந்த மூன்றாம் நாளே, "அக்கா, நீங்க செய்யறதையெல்லாம் ஒரு லிஸ்ட்டா எழுதிக் குடுத்துடுங்க. போன்ல போட்டோ எடுத்து வச்சிக்கினு அப்பிடியே செஞ்சிடறேன்" என்றாள். எழுத உட்கார்ந்தேன். பதினோரு வரி வந்தது. படித்துப் பார்த்தால் பதினொன்றும் சரிதான். ஆனால் எந்த வரி எதனால் வந்தது என்று அதில் இல்லை. முக்கியமாக ஐந்தாவது வரி: "அடித்துணிக்கு எதுவும் போடக் கூடாது. எதுவும்."

"எதுவும்னா? சென்ட்டா அக்கா?" என்று கேட்டாள் பவித்ரா.

சென்ட் இல்லை. அதற்கு அன்றைக்கு நின்றுகொண்டே பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் ஷாகிதா ஆபாவின் குதிரைக் கொட்டகை இருக்கிறது. ஆபா என்றால் அவர்கள் வீட்டு உருதுவில் அக்கா. மாப்பிள்ளை அழைப்புக்கும் சாமி ஊர்வலத்துக்கும் குதிரை அனுப்புவது அவர் தொழில். இரண்டு குதிரைகள்: வெள்ளை நிறத்தில் ராஜா, கரும்பழுப்பு நிறத்தில் பிஜ்லி. பிஜ்லி பெண் குதிரை. இரண்டையும் ஏற்றிப்போக ஜீப்புக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு டிரெய்லர். அந்த டிரெய்லரின் முன்பக்கத்தில், குதிரைகள் நிற்கும் இடத்துக்கும் ஜீப்புக்கும் நடுவில், ஒரு ஆள் திரும்புகிற அளவுக்கு ஒரு சின்ன அறை. சேணம், கடிவாளம், வயிற்றுவார், ஏறுகிறவர் கால் வைக்கும் அங்கவடி, துணிகள், மருந்துப் பெட்டி எல்லாம் அதில்தான். நாங்கள் அதைச் சாமான் ரூம் என்போம். அதைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் என் வேலை. இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு இந்த வேலையா என்று எங்கள் தெருவில் தறி ஓட்டுகிற அத்தனை பேரும் கேட்டார்கள். குதிரையை நான் அதற்கு முன் கல்யாண ஆல்பத்தில்தான் பார்த்திருந்தேன். கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

முதல் வருடத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இரண்டு முறை மிதி வாங்கினேன், ஒரு முறை கடி வாங்கினேன். கடிவாளத்தைத் தலைகீழாக மாட்டி, ராஜா என்னைப் பார்த்து அனுதாபப்பட்டதைப் பார்த்தேன்.

சாமான் ரூம் சுத்தம் என்றால் பெருக்கித் துடைப்பது என்று நினைத்துக்கொண்டு போனேன். அது கடைசி வேலை. குதிரையை இறக்கிய கையோடு கடிவாளத்தின் வாய்க்கம்பியைப் பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். எச்சிலும் புல்லும் காய்ந்துவிட்டால் கம்பியின் மூட்டில் கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும், அடுத்த நாள் அது குதிரையின் கடைவாயைக் கிழிக்கும். அடுத்தது வயிற்றுவார், அதுவும் உள்பக்கம் முதலில். வியர்வை உப்பு அங்கேதான் தங்கும். தோல் சாமானுக்கு ஈரத்துணி போதும், சோப்பில் நுரை வந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். நிழலில்தான் காய வைக்க வேண்டும். ஈரமானதையும் காய்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டவே கூடாது, ஒரே ராத்திரியில் பூஞ்சை தாவிவிடும். எல்லாம் வெளியே போன பிறகு தரையில் கிடக்கிற ரப்பர் பாயைத் தூக்கி, அதன் அடியைப் பார்க்க வேண்டும். பாயின் மேல் தெரிகிற அழுக்கு யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. அடியில் ஈரத்தோடு மக்குகிற வைக்கோல்தான் ரூம் முழுக்க நாற்றத்தைப் பரப்பும்.

இதையெல்லாம் ஷாகிதா ஆபா ஒருநாளும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அவர் பழக்கமே வேறு. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். சாமான் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார். பிறகு ஏதாவது ஒரு சாமானை எடுத்து என் கையில் வைத்து, "இது இன்னா சொல்லுது?" என்பார். திட்டமாட்டார். நான் ஏதாவது சொல்கிறவரைக்கும் அங்கேயே நிற்பார், அதுதான் கொடுமை. ஒருமுறை ஒரு வாரைக் கொடுத்தார். பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஒன்னும் சொல்லல ஆபா" என்றேன். "சரி. நல்லா இருக்குது, அதான் ஒன்னும் சொல்லல" என்று இறங்கிப் போனார்.

கேள்வி கேட்கிற மனுஷியிடம் எனக்கு எப்போதும் பிடிப்பு உண்டு. அதனாலேயே அவரைக் கேள்வி கேட்க வைக்கிற மாதிரி நான் ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்று அரிப்பு. அந்த அரிப்புதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

இரண்டாம் வருடம், தை மாதம். கூரம் கிராமத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை நல்ல கனம். தவில் சத்தத்துக்குச் சேணத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஆடினார். குதிரையின் முதுகில் முதலில் நான்காய் மடித்த பருத்தித் துணி ஒன்று போடுவோம், அதுதான் அடித்துணி. அதன் மேல் மயில்கழுத்து நிறத்தில் சரிகைக் கரை போட்ட பட்டுத் துணி. அதன் மேல் சேணம். போட்டோவில் தெரிவது பட்டு. குதிரைக்குத் தெரிவது அடித்துணி மட்டும்தான். அன்றைக்கு ஆட்டத்தில் அடித்துணி நகர்ந்து ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. சேணத்தை இறக்கியபோது பிஜ்லியின் முதுகில் விரல் அகலத்துக்கு மயிர் படிந்து ஒரு கோடு.

குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஏகாம்பரம் அண்ணன். முசரவாக்கத்துக்காரர். அப்போதே பதினான்கு வருடமாக அங்கே இருந்தார். அவர் அந்தக் கோட்டைத் தடவிவிட்டு, "மாப்ள கல்யாணத்துக்கு வந்தாரா, டான்ஸ் காம்படிசனுக்கு வந்தாரா?" என்றார். ஆபா சிரிக்கவில்லை. அடித்துணியின் மடிப்பை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "செருப்புக்குள்ள ஒரு கல்லு வச்சிக்கினு நாலு தெரு நடந்து பாரு" என்றார். புண்ணாகவில்லை, தப்பித்தோம். ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று. மடிப்பே விழாத ஒரு துணி வேண்டும். எப்படி?

மறுநாள் காலை வீட்டு வாசலில் பதில் நின்றது. அப்பா தெருவில் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். துவண்டு கிடக்கிற பட்டு நூல், அரிசிக் கஞ்சி குடித்து வெயிலில் காய்ந்ததும் எப்படி நிற்கும் என்று எங்கள் தெருவில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டாம். எனக்குப் பளிச்சென்று பட்டது. மிச்சக் கஞ்சியை ஒரு தூக்கில் ஊற்றிக்கொண்டேன்.

"எங்கடி எடுத்துக்கினு போற?" என்றார் அப்பா.

"குதிரைக்குப்பா."

"குதிரைக்குக் கொள்ளுதான வைப்பாங்க? கஞ்சி காச்சி ஊத்துற அளவுக்கு ஜுரமா?"

அடித்துணிக்குக் கஞ்சி போட்டேன். காய்ந்ததும் அட்டை மாதிரி படுத்தது. அடுத்த ஊர்வலத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மாசி, பங்குனி, சித்திரை முழுக்க ஒவ்வொரு முறை துவைத்தபோதும் கஞ்சி போட்டேன். இரண்டு குதிரைகளின் துணிக்கும். ஆபா ஒருமுறை துணியைத் தடவிப் பார்த்து, "நல்லா படியுதே" என்றார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு சீசன் முழுக்கத் தேதி போட்டுக் குறித்துவைத்து, கடைசியில் நோட்டோடு போய் அசத்தலாம் என்று திட்டம். நோட்டில் தலைப்புக்கூடப் போட்டுவிட்டேன்.

வைகாசி முகூர்த்தங்கள் வந்தன. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். அந்த மாதம் ஒரு காலையில் ஏகாம்பரம் அண்ணன் பிஜ்லிக்கு முதுகு தேய்க்கப் போனவர் கத்தினார். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில், இரண்டு பக்கமும், உள்ளங்கை அளவுக்கு மயிர் உரிந்து தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. கை வைத்தால் பிஜ்லி உடம்பைச் சுருக்கிக்கொண்டு விலகியது.

நான் பயந்தேன் என்று எழுதினால் பொய். பாவம் என்று தோன்றியது, ஆனால் அதைவிட, எதனால் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வெறி. காலேஜ் நாளிலிருந்து வைத்திருந்த லென்ஸை எடுத்தேன். சேணத்தின் அடியைப் பார்த்தேன், தையல் விடவில்லை. வயிற்றுவார் சுத்தம். அடித்துணியின் முதுகுப் பக்கம் மட்டும் சொரசொரப்பாக, குதிரை மயிரும் மண்துகளும் ஒட்டிப் பொருக்காக இருந்தது. ஏதோ பிசுபிசுப்பானது பட்டுக் காய்ந்திருக்கிறது. என்ன அது? அப்போதுதான் எறும்பைப் பார்த்தேன்.

சின்னச் சிவப்பு எறும்பு. டிரெய்லர் சக்கரத்தின் அடியிலிருந்து ஏறி, குதிரை ஏறுகிற சாய்தளத்தின் ஓரமாகப் போய், சாமான் ரூமின் கதவிடுக்கில் நுழைந்து, நேராக அடித்துணி வைக்கிற தட்டுக்கு. அந்தத் தட்டுக்கு மேலே ஆணியில் ஒரு பை தொங்கியது. ஏகாம்பரம் அண்ணனின் பை. உள்ளே காகிதத்தில் வெல்லம்.

எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அவர் பிஜ்லிக்கு வெல்லம் கொடுப்பார், எல்லோருக்கும் தெரியும். வெல்லம் பட்ட கையோடு துணியை எடுத்துப் போடுகிறார், துணி பிசுபிசுக்கிறது, மண் ஒட்டுகிறது, முதுகு உரிகிறது. எறும்பே சாட்சி. ஒரு தாளில் டிரெய்லரின் படம் வரைந்து, எறும்பு போன வழியைப் புள்ளி புள்ளியாகப் போட்டு, பையின் மேல் ஒரு வட்டம் போட்டு, ஆபாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும்.

ஆபா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஏகாம்பரம் அண்ணனைக் கூப்பிட்டார்.

"சாமான் ரூம்ல தின்ற பொருள் வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லியா?"

"சொல்லியிருக்க."

"வெல்லம் ஏன் அங்க தொங்குது?"

"வெளிய வச்சா ராஜா பையோட சேத்துத் துன்னுடுது ஆபா. அதுக்காவ…"

"அந்தக் கையோட துணியத் தொட்டீங்களா?"

அண்ணன் அப்போதுதான் மேஜையில் இருந்த படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வெல்லம் குதிர வாய்க்கு குடுக்கறேன். முதுவுக்கா பூசறேன்?" என்றார். "பதினாலு வருசமா குடுக்கறேன். இத்தினி நாளு இல்லாத எறும்பு இப்ப எங்கேர்ந்து வந்துச்சாம்? நல்லா கேளு உன் விஞ்ஞானிய."

நல்ல கேள்வி. நான்தான் காது கொடுக்கவில்லை.

ஆபா குரலை உயர்த்தவில்லை. "புண்ணு ஆறுற வரைக்கும் நீங்க வர வேணாம். ஆறட்டும். அப்புறம் நீங்க வேணுமா வேணாமான்னு யோசிக்கறேன். வாலாஜாபாத்துல வேற ஒரு ஆள சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

அண்ணன் பையை ஆணியிலிருந்து எடுத்தார். போகும் வழியில் பிஜ்லியிடம் நின்றார், ஆனால் வெல்லம் கொடுக்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நெற்றியை ஒரு தடவு தடவிவிட்டுப் போய்விட்டார். பதினான்கு வருட வேலை ஒரு தாளில் போயிற்று. அந்தத் தாளை வரைந்தவள் நான்.

அடுத்த ஐந்து நாள் பிஜ்லி யாரிடமும் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. வாளியை வைத்தால் வாசலைப் பார்த்து நின்றது. நான் சாமான் ரூமை மூலை முடுக்கெல்லாம் கழுவினேன். துணிகளைத் துவைத்தேன். துவைத்து, வழக்கம் போலக் கஞ்சியும் போட்டேன். ஆறாம் நாள் ஒரு கல்யாணத்துக்கு ராஜா மட்டும் போய்வந்தது. ஏழாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் எறும்பு வரிசை. அதே வழி, அதே தட்டு.

வெல்லம் போய்விட்டது. பை போய்விட்டது. ஆள் போய்விட்டார். எறும்பு மட்டும் ஏன் போகவில்லை?

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பதில் கிட்டத்தில்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பெயர் சொல்ல மனசு மறுத்தது. அந்த நேரத்தில்தான் கொட்டகையிலிருந்து ஆபாவின் குரல்: "மஞ்சு! மருந்து எடுத்துக்கினு வா!"

ராஜாவுக்கும் வந்துவிட்டது. அதே இடம். சின்னதாக, கோழிமுட்டை அளவுக்கு. கால்நடை டாக்டர் பிஜ்லிக்குக் கொடுத்திருந்த அயோடின் மருந்தையும் பஞ்சையும், முந்தின நாள் ராஜாவுக்குப் போட்டிருந்த அடித்துணியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆபா பஞ்சை மருந்தில் நனைத்துப் புண்ணைச் சுற்றித் துடைத்தார். ராஜா உடம்பை உதறியது. பஞ்சு ஆபாவின் கையிலிருந்து நழுவி, தடுப்புக் கட்டையில் நான் போட்டிருந்த அடித்துணியின் மேல் விழுந்தது.

காவி நிற மருந்து அது. துணியில் பட்டால் காவிக் கறை விழ வேண்டும். விழுந்த இடம் எங்கள் கண் எதிரிலேயே கறுத்து, பேனா மை கொட்டின மாதிரி அடர் நீலமாக மாறியது.

ஆபா குனிந்தார். பஞ்சை எடுத்து, வேண்டுமென்றே பக்கத்தில் இன்னொரு இடத்தில் தொட்டார். அங்கேயும் நீலம். தன் புடவைத் தலைப்பின் ஓரத்தில் தொட்டார். வெறும் காவி.

"அரே," என்றார். பயமே இல்லை அந்தக் குரலில், முழுக்க ஆச்சரியம். "இது எப்பிடி நீலமாச்சு?"

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு படித்த எவருக்கும் தெரியும். உருளைக்கிழங்கை வெட்டி அதன் மேல் அயோடினை விட்டு, நீலமானால் மாவுச்சத்து என்று நோட்டில் எழுதியிருப்போம். கஞ்சி. வியர்வையில் ஊறிப் பசையாகி, மயிரையும் மண்ணையும் பிடித்துக்கொண்டு, மூடின ரூமின் வெக்கையில் உப்புத்தாள் மாதிரி காய்ந்து, மறுபடி முதுகில் ஏறியிருக்கிறது. தை, மாசியில் குதிரை வியர்க்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. வைகாசியில் வியர்த்தது. எறும்பு வெல்லத்துக்கு வரவே இல்லை. சோற்றுக்கு வந்தது.

நான் வாய் திறப்பதற்குள் ஆபாவே ஒரு பதிலைச் சொன்னார். "சாயமா? மேல் பட்டோட மயில்கழுத்துச் சாயம் வேர்வையில எறங்கிடுச்சோ?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. இந்த ஊரில் சாயம் இறங்கியது என்றால் எவரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள். பட்டுத் துணியை மாற்றிவிடுவார். நான் ரகசியமாகக் கஞ்சியை நிறுத்திவிடுவேன். புண் ஆறும். ஏகாம்பரம் அண்ணன் மட்டும் வெல்லக் கையோடு குதிரையைக் கெடுத்தவராக, முசரவாக்கத்திலேயே இருந்துவிடுவார். இத்தனையும் ஒரு நொடியில் மனதில் ஓடியது. வாய் "ஆ" வரைக்கும் போய்விட்டது.

"ஆபா, அது கஞ்சி," என்றேன். "நான் போட்டது. தை மாசத்துலேர்ந்து."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என்ன கஞ்சி?" என்றார். "அரிசிக் கஞ்சி." "பாவுக்குப் போடறதா?" "ஆமாம்." "எத்தினி தடவ?" "துவைக்கறப்பல்லாம்." "ரெண்டு துணிக்குமா?" "ரெண்டுக்கும்." துணியை எடுத்து விரித்துத் தடவினார். "மடிப்பு விழாம இருந்துச்சே, அது இதானா?" என்றார். தலையாட்டினேன்.

பிறகு அவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியப்புதான். கத்தரியால் அந்தத் துணியிலிருந்து இரண்டு பட்டை வெட்டினார். உப்புத் தண்ணீரில் நனைத்தார். ஒன்றைத் தன் முன்கையில் சுற்றி வாரால் கட்டிக்கொண்டார். இன்னொன்றை என் கையில் கட்டினார். "நமக்கும் தெரியட்டும்," என்றார். இரண்டு பேரும் சாய்தளத்தில் வெயிலில் உட்கார்ந்தோம், கையை ஆட்டிக்கொண்டே. முதலில் வழவழப்பாக இருந்தது. பிறகு இழுத்தது. பிறகு ஒவ்வொரு அசைவுக்கும் மயிரைப் பிடித்துப் பிடுங்கியது. ஒரு மணி நேரம் போனதும் ஆபா, "போதும்பா, குதிர பாவம்" என்று அவிழ்த்தார். இருவர் கையிலும் சிவப்புப் பட்டை.

"ஏகாம்பரம் அண்ணன்கிட்ட யார் சொல்றது?" என்றேன்.

"நான் என் தப்ப அப்புறம் சொல்லிக்கறேன். படத்தப் பாத்துட்டு ஆள அனுப்பனது நான்தான். உன்னுத நீ போய்ச் சொல்லு. கையில செவப்பு போறதுக்குள்ள போ."

பஸ் பிடித்து முசரவாக்கம் போனேன். அண்ணன் வீட்டு வாசலில் சைக்கிள் டியூபைத் தண்ணீர் வாளியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

"வாம்மா விஞ்ஞானி. இங்க எறும்பு நெறைய இருக்குது, எண்ணிக்கினு போ."

கையை நீட்டினேன். பார்த்தார். "இன்னா கடிச்சிது?"

"கஞ்சி, அண்ணா."

எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி, எறும்பு, அயோடின், நீலம், சாயம் என்று சொல்ல வாய் எடுத்தது உட்பட. அவர் டியூபை வாளியில் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்:

"தண்ணி குடிக்குதா?"

"சரியா குடிக்கல."

"யார் வெக்கறாங்க?"

"நான்."

"வாளிய வலப்பக்கம் வச்சிருப்ப. அதுக்கு எடப்பக்கம் வெக்கணும்." டியூபை எடுத்துப் பிழிந்தார். "நீ போட்டியே ஒரு படம். அத்த எடுத்தாந்தியா?"

பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குதிர நாயி மாதிரி இருக்குது. எறும்பு மட்டும் நல்லா வந்துருக்குது," என்றார். தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை. "தப்பா சொன்னதுகூடப் பெருசில்லம்மா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? அந்தத் துணிய வெறும் கையால தடவுறவன் நான் ஒருத்தன்தான். நாலு மாசமா அது மொடமொடன்னு இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் கொட்டகையில் இருந்தார். ஆபா எழுந்து நின்று அவரிடம் ஏதோ உருதுவும் தமிழுமாகச் சொன்னார். அவர், "சரி வுடு ஆபா" என்றது மட்டும் எனக்குக் கேட்டது. வாளியை இடப்பக்கம் வைத்தார். பிஜ்லி முக்கால் வாளியை ஒரே மூச்சில் இழுத்தது.

புண் ஆறுவதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது. அவ்வளவு நாளும் பிஜ்லி சேணம் ஏற்கவில்லை. காலையிலும் மாலையிலும் நான் புண்ணைக் கழுவுவேன், அண்ணன் தலையைப் பிடித்துக்கொள்வார். மடிப்புப் பிரச்சினைக்கும் வழி கிடைத்தது. அதை அவரேதான் சொன்னார்: அடித்துணியின் நான்கு மூலையிலும் நாடா தைத்துச் சேணத்தோடு கட்டிவிட்டால் போதும். நாலு நாடா. அதற்குத்தான் நான் இயற்பியல் படித்திருந்தேன்.

புண் ஆறின இடத்தில் மயிர் முளைத்தது. வெள்ளையாக முளைத்தது. தோல் ஒருமுறை அப்படி உரிந்தால் அடியில் நிறம் செத்துவிடும் என்றார் டாக்டர், இனி எப்போதும் வெள்ளைதான். கரும்பழுப்பு முதுகில் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு இரண்டு வெள்ளை. சேணத்துக்கு வெளியே கொஞ்சம் தெரியும். பிறகு வந்த வருடங்களில் நூறு கல்யாணத்திலாவது யாராவது அதைக் காட்டி ஏதாவது கேட்டிருப்பார்கள். எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் எப்போதும் சாமான் ரூமுக்குள் இருப்பேன்.

போன மாதம், என் கடைசி ஊர்வலம், வாலாஜாபாத்தில். மாலை வெயில். மூச்சு முட்டுகிறது என்று ரூமுக்குள் ஏறாமல் வெளியே பிஜ்லியின் பின்னால் நின்றிருந்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமா வந்து முதுகைத் தொட்டுக் காட்டி, "இது இன்னாபா, வெள்ளையா? எதனா வியாதியா?" என்றார்.

ஏகாம்பரம் அண்ணன் கடிவாளத்தின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே, நிமிராமல், ரொம்பப் பழகின குரலில் சொன்னார்: "இல்ல சார். பொறந்ததுலேர்ந்தே அப்பிடித்தான். ராசியான மச்சம். ரெண்டு பக்கமும் இருக்குது பாருங்க."

தாய்மாமா சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் அண்ணனைப் பார்த்தேன். இத்தனை வருடமும், ஒவ்வொரு கல்யாணத்திலும், கேட்ட ஒவ்வொருவரிடமும்?

"இல்ல சார்," என்றேன். "அது நான் பண்ணது. ரெண்டாவது வருசம், அடித்துணிக்குக் கஞ்சி போட்டுட்டேன். இவரு மேலதான் பழி போட்டேன்."

தாய்மாமா என்னையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் மாப்பிள்ளையைக் கூப்பிடப் போனார்.

அண்ணன் வாரை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அஞ்சு வருசமா ராசின்னு சொல்லிக்கினு வரேன்," என்றார். "போற நேரத்துல வந்து கெடுத்துட்டியேம்மா. நாளைக்கு எவனாவது கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"நடந்தத சொல்லுங்கண்ணா."

"அத்த சொல்ல ரொம்ப நேரம் ஆவும்," என்றார். "மாப்ள வர்றாரு. துணியப் புடி."

நான் அடித்துணியை ஒரு பக்கம் பிடித்தேன். அவர் மறுபக்கம் பிடித்தார். அந்த வெள்ளையின் மேல், ஒரு சுருக்கமும் இல்லாமல், இரண்டு பேரும் சேர்ந்து விரித்தோம்.